கு. ஜெயித்த தேர்தல்

சித்திரை 2, புதன்

டாக்டரம்மா தினமும் சர்க்கரையை எழுதி வைக்கச் சொல்லித்தான் இந்த டைரியை வாங்க வைத்தாள். சர்க்கரை நன்றாக இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. இனி மற்றதை எழுதுகிறேன்.

மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். மரியாதை வேண்டும் என்றால், போட்டுவிட்டார். எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் தண்டபாணி, பி.இ. அந்த பி.இ.யைச் சொல்லாமல் அவர் பெயரைச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. மேலே ஆள் நடமாடினால் தளத்தில் விரிசல் விழுகிறதாம். நான் நடந்து விரிசல் விழுகிறது என்றால், பூட்டி வைக்க வேண்டியது கதவை இல்லை, கட்டியவனை.

வடகத்துக்குக் கூழ் காய்ச்சி வைத்தாயிற்று. மகள் ஈஸ்வரியின் பால்கனியில், ஏசி பெட்டி மேல் துணி விரித்துப் பிழிந்தேன். பாதி புறாவுக்குப் போயிற்று. மீதி புறா போட்டதோடு போயிற்று.

மேலே தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் சாயங்காலத்தில் உட்காருவது. வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். வடகத் துணி பறக்காமல் பாரம் வைக்க ஆகும். அதற்காகத்தான் எழுதினேன்.

சித்திரை 3, வியாழன்

சாவி கேட்கப் போனேன். தண்டபாணி சோபாவில் உட்கார்ந்தபடியே, உங்களுக்குப் புரியாதுங்கக்கா, இது டெக்னிக்கல் விசயம் என்றார். வடகம் காய்வதில் என்ன டெக்னிக்கல் என்று கேட்டேன். அவர் மனைவி விசாலம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மேலே கிடக்கும் தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் தேர்தல் முடிந்த மறுநாள் பழைய இரும்புக்காரரிடம் போடப் போகிறாராம். நாற்காலியையுமா என்றேன். எல்லாந்தானுங்க என்றார்.

வாசலில் செருப்புப் போடும்போது சிரித்துக்கொண்டே, "எலக்சன் வருதில்லைங்க. ஜெயிச்சு வந்து நீங்களே தொறந்துக்குங்கக்கா" என்றார்.

லிப்டில் இறங்கும்போது யோசித்தேன். மனிதர் முதல் தடவையாக உருப்படியான ஒன்றைச் சொல்லி இருக்கிறார்.

சித்திரை 4, வெள்ளி

மனு கொடுத்துவிட்டேன். செயலாளர் பதவிக்கு இரண்டு பேர்: அவரும் நானும்.

ஈஸ்வரி இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. மூன்றாவது வேளை, ரசம் ஊற்றும்போது, அஞ்சாங்கிளாஸ் படித்தவர் இன்ஜினியரோடு போட்டி போட்டால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா என்றாள். அஞ்சாங்கிளாஸில் நான்தான் முதல். பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுக இரண்டிலும் முழு மார்க். வாத்தியார் என் சிலேட்டை அடுத்த வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டினார். அடுத்த வகுப்புக்கு சிலேட்டுத்தான் போனது, நான் போகவில்லை. அதற்கு என்ன செய்வது.

போன தேர்தலில் சீட்டு எழுதிப் போட்டதில் பெரிய ரகளை. ஒருத்தர் ஓட்டுச் சீட்டென்று மளிகைச் சீட்டைப் போட்டுவிட்டார். துவரம்பருப்பு செல்லுமா செல்லாதா என்று ராத்திரி வரை வாக்குவாதம். அதனால் இந்த முறை கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பேத்தி இந்துஜா. பெங்களூர் கம்பெனி வேலையை இங்கே வீட்டில் உட்கார்ந்தே பார்ப்பவள். தண்டபாணியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சித்திரை 8, செவ்வாய்

ஓட்டுக் கேட்டேன். வீட்டுக்கு இரண்டு ஓட்டு. எல்லா வீட்டிலும் ஆண்கள், பார்க்கலாமுங்க என்கிறார்கள். பெண்கள் துவைத்த துணி காயாமல் அறைக்குள் தொங்குவதைக் காட்டுகிறார்கள்.

முழங்கால் வலி. சர்க்கரை பார்க்கவில்லை.

சித்திரை 10, வியாழன்

இந்துஜா ஓட்டுப் பெட்டியைக் காட்டினாள். பெட்டி ஒன்றும் இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒன்றை அழுத்தினால் நான், இரண்டை அழுத்தினால் அவர். யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை எங்கும் வைத்துக்கொள்ளாதாம், கூட்டுத்தொகை மட்டுந்தான். புருசன் பெண்டாட்டி சண்டை வராது. உள்ளே ஒரே ஆள் இல்லையாம், மூன்று குட்டி புரோகிராம். ஒன்று கேட்கும், ஒன்று குறிக்கும், ஒன்று கூட்டும். ஒன்றன் கையிலிருந்து மற்றதன் கைக்குப் பெயர் போகும்.

பெயரை எப்படிப் போடட்டும் என்று கேட்டாள். கு. பாவாயம்மாள் என்றேன். கு. என்றால் குப்பண்ணன், அவளுடைய அப்புச்சி, என் வீட்டுக்காரர். செயலாளர் தன் பெயரை இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்: தண்டபாணி பி.இ.

சரியாக எண்ணுகிறதா என்று பார்த்தாயா என்றேன். அ என்றும் ஆ என்றும் இரண்டு பெயர் வைத்துப் பார்த்தேன், நன்றாக எண்ணியது என்றாள்.

சித்திரை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெனரேட்டர் ரூமை ஒட்டிய சங்க அறையில் ஓட்டு. காலையிலிருந்து எல்லோரும் வந்து திரைச்சீலைக்குப் பின்னால் போய் அழுத்திவிட்டு வந்தார்கள். சாயங்காலம் இந்துஜா சுவரில் பெரிதாகத் தெரிகிற மாதிரி முடிவைப் போட்டாள்.

கு. 17
தண்டபாணி 15

அவ்வளவுதான். பாவாயம்மாள் என்று ஒருத்தி அங்கே இல்லவே இல்லை.

தண்டபாணி எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த கு.ங்கறது யாருங்க?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன்.

"அவரு போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சில்லைங்கக்கா."

"ஆனாலும் ஜெயிச்சிருக்காரு பாருங்க தம்பி."

அறையே சிரித்தது. தண்டபாணி சிரிக்கவில்லை. இறந்தவர் பதவிக்கு வரச் சங்க விதியில் இடம் இல்லை என்றார். பாவாயம்மாளுக்கு ஒரு ஓட்டும் விழவில்லை, அந்தம்மாவே அந்தம்மாவுக்குப் போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ஆகவே பதினைந்து ஓட்டு வாங்கிய தானே செயலாளர் என்றார். பின்வரிசையில் யாரோ, குப்பண்ணனே இருந்துட்டுப் போகட்டும், கமிட்டிக்குள்ள சத்தம் குறையும் என்றார்கள்.

அதுவரை எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் தண்டபாணி இந்துஜா பக்கம் திரும்பி, "பேத்தி எழுதுன புரோகிராம். பாட்டிக்குத் தோதா ஏதோ செய்யப் போயி மாட்டிக்கிட்டாளாட்ட இருக்குது" என்றார்.

என் பேத்தி கம்ப்யூட்டரை மூடினாள். ஒயரைச் சுற்றாமலே பைக்குள் திணித்தாள். நான் பார்த்தேன்.

ஒரு வழியாக முடிவானது: அடுத்த ஞாயிறு மறு ஓட்டு. அதற்கு முந்தின நாள் எல்லோர் முன்னாலும் ஒத்திகை. அதிலும் கோளாறு என்றால் தண்டபாணியே செயலாளர். திங்கட்கிழமை இரும்புக்காரர் வந்து மாடியைத் துடைத்து எடுத்துப் போவார்.

சித்திரை 14, திங்கள்

இந்துஜா கண்டுபிடித்துவிட்டாள். தப்பு அவளுடையதுதான் என்று அவளே சொன்னாள். அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாருக்கும் அது இருந்ததில்லை.

"அம்மாயி, இதுக்கு எடைவெளியக் கண்டா ஆகாது. எங்க எடைவெளி வருதோ அங்க ஒரு ஆளு முடிஞ்சுது, அடுத்த ஆளு ஆரம்பம். கு.வுக்கும் பாவாயம்மாளுக்கும் நடுவுல எடம் உட்டிருந்தேன் பாருங்க. ரெண்டு பேருன்னு நெனச்சுக்கிச்சு."

அதாவது, நான் அஞ்சாங்கிளாஸில் எழுதிய பிரித்து எழுதுகவை இது கேட்காமலே எழுதுகிறது. முதலில் வருவதைப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதாக வருவது எந்த பிளாக் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டிடத்தில் ஏ பிளாக், பி பிளாக், அப்புறம் பாவாயம்மாள் பிளாக். தண்டபாணிக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டேன். அவர் பட்டத்தைப் பின்னால் போட்டதால் பி.இ.தான் அவர் பிளாக் ஆனது, பெயர் முழுசாகத் தப்பித்தது. படித்ததால் ஒரு மனிதனுக்கு உபயோகம் உண்டு என்பதை நேரில் பார்த்தேன்.

யோசிக்க யோசிக்க எரிகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஓர் எழுத்தைச் சுமக்கிறேன். ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை அது முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அவர் எனக்காக ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. மாடியில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டு, வடகத்தைக் காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால், காக்காவுக்கும் பசிக்குமில்ல என்பார். இன்றைக்கு நான் படி ஏறி வாங்கிய பதினேழு ஓட்டையும் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொண்டார்.

சித்திரை 15, செவ்வாய்

சர்க்கரை ஏறி இருக்கிறது. கு. மேல் பழி போட்டேன்.

சித்திரை 17, வியாழன்

இதற்கு மருந்து உண்டாம். பெயருக்கு முன்னால் இரண்டு கோடு, பின்னால் இரண்டு கோடு. மேற்கோள் குறி, பார்க்கக் கொம்பு மாதிரி. நாங்கள் பள்ளிக்கூடத்தில், ஒருத்தர் சொன்னதை அப்படியே சொல்வதற்குப் போடுவோம். கம்ப்யூட்டருக்கு அது வேறு. இந்த இரண்டு கொம்புக்கும் நடுவில் என்ன இடைவெளி இருந்தாலும் அது ஒரே ஆள், பிரிக்காதே என்று அர்த்தமாம்.

தண்டபாணிக்குப் பேத்தி மேல் நம்பிக்கை இல்லை. அவருடைய மருமகன் சென்னையில் இதே வேலை. அவனிடம் கேட்டு, சரியான வரி இதுதான் என்று வாட்ஸ்அப்பில் வரவழைத்து, அதையே போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். இந்துஜா அப்படியே எடுத்து ஒட்டினாள். திரையில் கு.வுக்கு முன்னால் ஒரு கொம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. பாவாயம்மாளைக் காணோம். போன் அழகு பார்த்துக் கோடுகளை மீசை மாதிரி வளைத்துவிட்டதாம். கம்ப்யூட்டருக்கு நேர்க் கோடுதான் கொம்பு, வளைந்தால் அது வெறும் எழுத்து. இந்துஜா நேர்க் கோடாக மாற்றிப் போட்டாள்.

"மருமவன் நல்லாத்தானுங்க எழுதியிருக்காரு, போனுதான் வளச்சுருச்சு" என்று இந்துஜா மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

போகும்போது தன் பெயரை மாற்றிவிட்டுப் போனார். முடிவு சுவரில் வந்தபோது பி.இ. காணாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் முன்னால் வைத்துக்கொண்டார்: இன்ஜினியர் தண்டபாணி.

நடுவில் ஓர் இடைவெளி இருந்ததை நான் பார்த்தேன்.

சித்திரை 19, சனி

ஒத்திகை. பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். வாட்ச்மேன் மாகாளியையும் அழுத்தச் சொன்னோம். முடிவு:

கு. 6
இன்ஜினியர் 7

தண்டபாணி சுவரையே பார்த்தார். "என்னயக் காணமே" என்றார்.

"இன்ஜினியரு ஜெயிச்சுட்டாருங்க" என்றேன். "அவரு எந்த பிளாக்குங்க?"

விசாலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒத்திகையில் கோளாறு என்றால் அவர்தான் செயலாளர் என்பது ஒப்பந்தம். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஆனால் தன் பெயரே சுவரில் இல்லாதபோது எந்தப் பெயரில் பதவி ஏற்பது. கடைசியில், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுக்கலாமுங்க என்றார். அதுவும் தனக்காகத்தான். இருந்தாலும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இந்துஜா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கொம்பு போட்டாயா என்றேன். போட்டேன் என்றாள். அப்புறம் ஏன் பிரிந்தது என்றேன். அவள் ஜன்னல் வழியாகக் கேட்டைக் காட்டினாள். ஈஸ்வரி ஆன்லைனில் வரவழைத்த பொட்டலத்தை மாகாளி பாதுகாப்பு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்டபாணி போட்ட சட்டம் அது.

"அதே கதைதான் அம்மாயி. மொத கேட்டுல கொம்பு போட்டுக் கட்டித்தான் அனுப்பறேன். உள்ள வாங்கறவன் கொம்பப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் வெச்சுக்குவான். அவன் அடுத்த ஆளுக்குக் குடுக்கறப்ப மறுபடியும் கட்டிக் குடுக்கோணும். நான் மொத கேட்டுல மட்டும் கட்டிட்டு உட்டுட்டேன். ரெண்டாவது கேட்டுல செதறிப் போச்சு."

ஒவ்வொரு வாசலிலும் மறுபடி கட்ட வேண்டும். ஒரு தடவை கட்டினால் கடைசி வரைக்கும் போய்ச் சேரும் என்று நினைப்பதுதான் தப்பு. கல்யாணத்துக்கும் இதைச் சொல்லி அனுப்பி இருக்கலாம்.

ஈஸ்வரி காப்பி வைத்துவிட்டு, இதற்கு இவ்வளவு பாடு எதற்கு, அந்த எழுத்தையே எடுத்துவிட்டால் இடைவெளியும் இல்லை, கொம்பும் வேண்டாமே என்றாள். இந்துஜாவும் நிமிர்ந்தாள். கம்பெனியில் எல்லாம் இப்போது பெண்கள் அப்படித்தான், புருசன் எழுத்தெல்லாம் போடுவதில்லை என்றாள்.

"எடுத்துரலாமா அம்மாயி? அஞ்சு நிமிச வேலை."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். சர்க்கரை இல்லாத காப்பிக்கு நேரம் பிடிக்கும்.

"பாவாயம்மாள்ன்னு மொட்டையாப் போட்டா எந்தப் பாவாயம்மாள்ன்னு கேப்பாங்க" என்றேன்.

"இந்த பில்டிங்குல நீங்க ஒருத்திதான் இருக்கறீங்க."

"இருக்கட்டும். கட்டியே அனுப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். ஈஸ்வரி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் இந்துஜா உட்கார்ந்து ஒவ்வொரு வாசலாகத் தேடித் தேடிக் கொம்பு போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கு. பாவாயம்மாள் என்று முழுசாக ஒரே வரியில் வந்தது. கீழே இன்ஜினியர் தண்டபாணி. அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சரி என்றார்.

சித்திரை 20, ஞாயிறு

நான் சீலை மாற்றிக்கொண்டு நேரத்திலேயே போய் உட்கார்ந்தேன். தண்டபாணி வாசலில் நின்று, தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் வாங்கிப் போடுவதாக ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்ல இருந்ததெல்லாம் சாவி ஒன்றுதான், அது எல்லோருக்கும் தெரியும்.

விசாலம் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது என் கையை அழுத்திவிட்டுப் போனாள். அவள் கையில் மோர்மிளகாய் வாசனை.

சாயங்காலம் சுவரில் போட்டார்கள். எனக்குக் கண் மங்கல். இந்துஜாதான் படித்தாள்.

கு. பாவாயம்மாள் 17
இன்ஜினியர் தண்டபாணி 15

அதே பதினேழு. அதே பதினைந்து. ஒருத்தரும் மாறவில்லை. அந்த கு.வும் நான்தான், பேத்தி எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று சுவரே சொல்லிவிட்டது. இதை நான் சொல்லவில்லை. தண்டபாணிதான் எழுந்து நின்று, "அதே நம்பருங்க" என்றார். அப்புறம் இந்துஜாவிடம் போய், "அன்னிக்கு நாம்பாட்டுக்கு வாய உட்டுட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத" என்றார். அவள், கொம்பு போடாதது என் தப்புத்தானுங்க என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகனுக்கு அனுப்ப அந்த வரியைப் படம் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். படமாக அனுப்பினால் வளையாதாம்.

சாவியை என் கையில் கொடுத்தார். பூட்டைவிடச் சாவி சின்னது.

சித்திரை 21, திங்கள்

இரும்புக்காரர் சாக்கோடு வந்தார். உடைந்த தண்ணீர்த் தொட்டி மூடியையும் துருப்பிடித்த சைக்கிளையும் கொடுத்து அனுப்பினேன். நாற்காலியைக் கேட்டார். அது பிளாஸ்டிக், உங்களுக்கு ஆகாது என்றேன். பிளாஸ்டிக்கும் எடுக்கறமுங்க என்றார். எங்களுக்கு ஆகும் என்றேன்.

புதுக் கூழ் காய்ச்சினேன். துணி விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தாயிற்று. காற்று அவ்வளவாக இல்லை. இருந்தாலும் நாற்காலியைக் கொண்டுபோய்த் துணி ஓரத்தில் வைத்தேன். காக்கா வந்தது. இரண்டு வடகம் எடுத்துக்கொண்டது. விரட்டவில்லை.

விசாலம் மிளகாய்த் தட்டோடு மேலே வந்தாள். உட்கார நாற்காலியை இழுக்கப் போனாள். அதில் ஒரு கால் ஆட்டம், விழுந்துவிடுவாய் என்று சொல்லித் தரையில் உட்கார வைத்தேன். நானும் தரையில்தான் உட்கார்ந்தேன்.

நாற்காலியின் கால் நாலும் நன்றாகத்தான் இருக்கிறது. இதை டாக்டரம்மா படிக்க மாட்டாள்.

சித்திரை 27, ஞாயிறு

கீழே சங்கப் பலகையில் செயலாளர் பெயரை மாற்ற பெயிண்டர் வந்தார். பெயரை எழுதிக் கொடுங்க என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். இத்தனை நாள் பழக்கத்தில் கை தானாகவே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு போட்டுவிட்டது. அவர் பார்த்ததை அப்படியே வரைகிறவர். காப்பி குடித்துவிட்டுக் கீழே வந்தால் பலகையில் பச்சைப் பெயிண்டில் முடித்திருந்தார்:

"கு. பாவாயம்மாள்"

இந்துஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அழித்துவிடட்டுமா என்று பெயிண்டர் கேட்டார். அந்த வழியாக வந்த தண்டபாணி நின்று பார்த்து, "பேருக்கு எதுக்குங்கக்கா கொம்பு?" என்றார்.

"இந்த வாசலுக்கும் கட்டித்தான் வெக்கோணும் தம்பி" என்றேன்.

பெயிண்ட் காய்வதற்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்று மாகாளியிடம் சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.